மருமகன் போட்ட தக்காளி

போன வருஷம் என் இளைய மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஐந்து மாதத்துப் பிள்ளை வயிற்றில் தங்காமல் போய்விட்டது. உயிருக்கு மோசமில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. கஞ்சியைக் கொண்டுபோனால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இப்படிக் கிடந்தால் உடம்பு எப்படித் தேறும் என்று நர்ஸ் மிஸ்ஸிமார் ஏசினார்களாம்.

துணைக்கு நின்ற மூத்த மகள் ஒரு நாள் பகலில் போன் எடுத்தாள்.

"உம்மா, இண்டைக்குத்தான் வாய் திறந்து ஒண்டு கேட்டிரிக்காள். உங்கட கையால தக்காளி போட்ட இறைச்சி ஆணமும் பாணும் வேணுமாம். பின்னேரம் ஆக்கள் பார்க்க வாற நேரத்துக்கு அனுப்பிடுங்க. உட்டா இனிக் கேட்க மாட்டாள்."

குழம்பைத்தான் நாங்கள் ஆணம் என்போம், பேக்கரி ரொட்டியைப் பாண் என்போம். நான் எத்தனையோ கந்தூரி விருந்துக்கு இறைச்சி ஆக்கினவள். ஒரு சட்டி ஆணம் எனக்குப் பெரிய வேலை இல்லை. அன்றைக்கு வீட்டில் நானும் இளையவளின் புருஷனான மருமகனும் மட்டும் இருந்ததுதான் தொல்லை.

எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு. மருமகன் வந்து இருப்பார். மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. இப்போது எல்லா வீட்டிலும் அப்படி இல்லை, மருமகனின் மோட்டார் சைக்கிளில் ஏறிக் கல்லடிப் பாலம் தாண்டி டவுனுக்குப் போகிற மாமிமாரும் இருக்கிறார்கள். எனக்கு அது வரவே இல்லை. கலியாணம் முடிந்த நாளில் இருந்து அவர் விறாந்தையில் என்றால் நான் அடுப்படியில், குசினிக்குள். இடையில் பேத்திதான் எங்களுக்கு வாய். "தேத்தண்ணி வேணுமா எண்டு வாப்பாக்கிட்டக் கேளு" என்பேன். அவருக்கு அது நன்றாகக் கேட்கும். என்றாலும் பிள்ளை போய்ச் சொன்ன பிறகுதான் "ஓம்" என்பார். தாய் ஆஸ்பத்திரிக்குப் போன அன்றே அந்தப் பேத்தியை அவருடைய உம்மா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டா.

மூத்தவள் அவருக்கும் போனில் சொல்லியிருக்க வேண்டும், அவர் இறைச்சிப் பையைக் குசினிப் படியில் வைத்துவிட்டு, இருமிக் காட்டிவிட்டுப் போனார். பகலுக்குப் பிறகு கடையில் என்ன மிஞ்சும்? கிழட்டு மாடு. கையில் எடுத்ததும் நார் தட்டுப்பட்டது. குக்கரின் றப்பர் வளையம் வெடித்துப்போய்க் கிடந்ததால் சட்டியில்தான் வைத்தேன். வெங்காயம், இஞ்சி, உள்ளி, கறுவா, ரம்பை எல்லாம் போட்டு, இறைச்சி தன் தண்ணீரிலேயே வேகட்டும் என்று மூடினேன். தக்காளியை வெட்டிக் கோப்பையில் தனியாக வைத்தேன். இறைச்சி பஞ்சு போல வந்த பிறகுதான் அது இறங்க வேண்டும். புளிப்பு முன்னுக்கு இறங்கினால் கிழட்டு இறைச்சி இறுகிவிடும்.

அஸருக்குப் பாங்கு சொன்னது. நெருப்பைக் குறைத்துவிட்டு அறைக்குள் போய்த் தொழுதேன். மகளுக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கை ஏந்திவிட்டேன்.

திரும்பி வந்தால் கோப்பையில் தக்காளி இல்லை. கோப்பை கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. சட்டியைத் திறந்தேன். தக்காளி முழுக்க உள்ளே, பாதி கரைந்தும் விட்டது. ஒரு துண்டை அகப்பையால் அமத்திப் பார்த்தேன். கல்.

ஜன்னலால் பார்த்தேன். அவர் கிணற்றடியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் இல்லாத நேரம் பார்த்துக் குசினிக்குள் வந்து உதவி செய்துவிட்டுப் போன மனிதர். அவரை நான் என்ன சொல்ல?

பக்கத்து வளவில் இருக்கும் தங்கச்சியை வேலியால் கூப்பிட்டு, தக்காளி முன்னுக்கே விழுந்துபோனதைச் சொன்னேன்.

"ஆரு போட்ட?" என்றாள்.

"அவருதான்."

"மருமகனா? சமைக்கவும் தெரியுமெண்டு கலியாணம் பேசக்குள்ள ஆரும் சொல்லல்லையேகா! என்ட மருமகனுக்குச் சட்டி எது, மூடி எது எண்டும் தெரியா."

"சிரிக்காதடி. புள்ள பட்டினியாக் கிடக்காள்."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு பப்பாசிக்காயைத் தட்டி விழுத்தித் தந்தாள். "இதில ஒரு துண்டு போடு, இளகும். எண்டாலும் நேரம் வேணும்."

"நேரம் வேணுமெண்டு நீ அவருக்கிட்டச் சொல்லன்."

"நானா? உன்ட மருமகன்தானே, பேயா பிசாசா? வாயத் திறந்து சொல்லு. எனக்கு அடுப்புல பால் கிடக்கு." போய்விட்டாள்.

பப்பாசிக்காய் போட்டு நெருப்பைக் கூட்டினேன். ஆணம் கொதித்தது, நிறமும் வாசமும் நன்றாகத்தான் இருந்தன. இறைச்சி மட்டும் இளகவே இல்லை. படியடியில் இருமல் கேட்டது.

"மாமி, நேரமாகிட்டு."

நான் சட்டியைப் பார்த்து, "இன்னும் வேகல்ல" என்றேன். எனக்கே கேட்காத சத்தம்.

"தக்காளி கரைஞ்சிட்டுத்தானே, மாமி. நான்தான் போட்டேன். நீங்க தொழப் போயிட்டீங்க, நேரம் போகுதே எண்டு." அந்தக் குரலில் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. பிள்ளை போன நாளில் இருந்து அந்த வீட்டில் நான் கேட்காத சந்தோஷம். அதற்கு மேல் என் வாய் எழும்பவில்லை.

இறைச்சியை வெளியில் எடுத்து, பலகையில் வைத்துச் சின்னச் சின்னதாக நறுக்கினேன். கத்திக்கே கஷ்டமாக இருந்தது. பைக்கை அவர் உதைத்து ஸ்டார்ட் பண்ணிவிட்டார். ஆணத்தைக் கூட ஊற்றி, இறைச்சியைக் குறைத்துப் போட்டு, பாணையும் சுற்றிப் படியில் வைத்தேன். போய்விட்டார்.

பொழுது பட்டு, மஃரிப் தொழுகைக்குப் பிறகு பைக் மெதுவாக வந்தது. சாப்பாட்டுப் பாத்திரத்தைப் படியில் வைத்தார். இந்த முறை இருமவில்லை. நான் திரைச்சீலைக்குப் பின்னால் வந்து நின்றேன்.

"பாணத் தோய்ச்சி ரெண்டு வாய் திண்டா, மாமி. எனக்கு உசிரு வந்த மாதிரி இருந்திச்சி. பொறகு இறைச்சியக் கடிச்சா, கடிபடல்ல. 'உம்மா ஆக்கினா இப்படி இருக்காதே, உம்மாக்குச் சுகமில்லையா, என்னால உம்மாக்கும் ஏலாமப் போயிட்டா' எண்டு அழத் தொடங்கிட்டா. அதுக்குப் பொறகு வாய் திறக்கவே இல்ல."

பாத்திரத்தைப் படியின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தார். பிறகு கேட்டார்: "என்ன மாமி பிழை நடந்த?"

நேரே என்னிடம். இடையில் பிள்ளை இல்லை. தக்காளி என்று சொல்லக் கூடாது என்ற ஒன்று மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"மாடு கிழடு," என்றேன். இந்த முறை சத்தமாகத்தான் வந்தது.

அவர் தலையை ஆட்டினார். "அதுவும் நான்தானே வாங்கின," என்று சொல்லிக்கொண்டு படியிலேயே குந்தி இருந்துவிட்டார்.

அவருடைய தோள் குலுங்குவது திரைச்சீலையின் இடுக்கால் தெரிந்தது. பிள்ளை போன செய்தி கேட்டு ஊரில் உள்ள பெண்கள் எல்லாரும் என் கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போனார்கள். அவர் கையை ஒருவரும் பிடிக்கவில்லை. அது எனக்கு அப்போதுதான் புத்தியில் பட்டது. என் வயிற்றில் பிறந்ததென்றால் தலையை மடியில் வைத்திருப்பேன். "மகன்" என்று கூப்பிட வாய் எடுத்தேன். வரவில்லை. அவர் எழும்பி முகம் கழுவப் போகும்வரை திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.