தண்ணி என்று எழுதிய ரசீது

மழைக்காலத்தில் குன்னூரில் எது கெட்டுப்போனாலும் தனசிங் ஒரே காரணம்தான் சொல்வார்: தண்ணி. போன் பேசவில்லையா, தண்ணி. லேப்டாப் எழுந்திருக்கவில்லையா, தண்ணி. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அலமாரிக்குள் வைத்த தோல் செருப்பே பூஞ்சை பிடிக்கிற ஊரில் மதர்போர்டு மட்டும் தப்பித்துவிடுமா? ஆகவே வந்தவர் சாமானை மேசைமேல் வைத்து வாயைத் திறப்பதற்குள், ரசீதில் ‘பழுது’ என்று அச்சடித்த இடத்துக்கு நேரே அவர் பேனா அந்த மூன்று எழுத்தை எழுதி முடித்திருக்கும்.

பக்கத்தில் வர்க்கி பிஸ்கட் விற்கும் கந்தன் இதை வைத்தே அவரை வாருவான். “ஏனுங்ணா, ரசீதைப் பாக்கறவங்க உங்க சாயங்காலத் தேவையை எழுதி வெச்சிருக்கீங்கன்னு நினைக்கப் போறாங்க.”

“எட்டாங்கிளாஸோட நின்ன கைடா இது. மூணு எழுத்துக்கு மேல வராது. நீ போய் வர்க்கியை விரட்டு, ஈ மொய்க்குது.”

அருவங்காட்டில் பிறந்தவர் தனசிங். எட்டாவதோடு பள்ளிக்கூடம் போதும் என்றாகிவிட்டது. அப்புறம் பதினோரு வருஷம், தேயிலை ஃபேக்டரிகளுக்கு ரோலர் தீட்டும் பட்டறையில் வேலை. பச்சை இலையை நறுக்கிப் பிழிகிற உருளைகள் பல் மழுங்கி வரும். கடைசல் எந்திரத்தில் மாட்டி ஒவ்வொரு பல்லாகத் தீட்டி அனுப்ப வேண்டும். ஒருநாள் தெறித்த தூள் கண்ணில் ஏறி ஆபரேஷன் வரைக்கும் போனது. கண் பிழைத்தது, வேலையை விட்டார். கோயம்புத்தூரில் ஒருவரிடம் ஆறு மாசம் உட்கார்ந்து போர்டு வேலை கற்றுக்கொண்டு, மார்க்கெட்டுக்கு இறங்குகிற படிக்கட்டோரம் கடை போட்டார். இப்போது வயது ஐம்பத்திரண்டு. வாய் மட்டும் இன்னும் பட்டறையிலேயே இருக்கிறது.

டிசம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, கடையைத் திறந்து பத்து நிமிஷம் ஆகவில்லை, இந்து வந்து நின்றாள். கோத்தகிரி ரோட்டில் ஒரு தேயிலை ஃபேக்டரியில், விவசாயிகள் கொண்டுவருகிற இலையின் எடையைப் பதிகிற கிளார்க். ஃபேக்டரி லேப்டாப்பை வியாழக்கிழமை அவள்தான் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். சார்ஜரைச் சொருகியதுமே சார்ஜரின் விளக்கு அணைந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் தனசிங் வழக்கம்போல எழுதிக் கொடுத்தார்.

“இன்னும் கையே வெக்கலம்மா. செவ்வாய்க்கிழமை வா.”

“செவ்வாய்க்கிழமை எனக்கு வேலையே இருக்காதுங்ணா. ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார் மேனேஜர். அனுப்பினேன். ‘டீயைக் கொட்டிட்டு, தானா நின்னு போச்சுன்னு பொய் சொல்றீங்களா, திங்கட்கிழமையிலிருந்து வராதீங்க’ன்னுட்டார்.”

“கொட்டினயா?”

“நான் டீயே குடிக்க மாட்டேன்.”

“தேயிலை ஃபேக்டரியில வேலை பாத்துட்டு டீ குடிக்காத ஆளா? யாரு நம்புவா?”

அவள் சிரிக்கவில்லை. “திறந்து பாத்துட்டுத்தான் எழுதினீங்களாண்ணா?”

தனசிங் ஸ்டூலை அவள் பக்கமாகத் தள்ளினார்.

“உக்காரு. ஒண்ணு இப்பவே சொல்லிர்றேன். உள்ள தண்ணி பட்டிருந்தா, நீ பாவம்னு மாத்திச் சொல்ல மாட்டேன்.”

“பட்டிருந்தா இப்படியே பஸ் ஏறி ஊட்டுக்குப் போயிர்றேன்.”

அடிமூடியைக் கழற்றி, பேட்டரி ஒயரைப் பிடுங்கிவிட்டு, போர்டை வெளியே எடுத்தார். டீ கொட்டியிருந்தால் சர்க்கரைப் பிசுக்கு இருக்கும், பழுப்புக் கறை இருக்கும். இரண்டும் இல்லை. ஆனால் அது மட்டும் சாட்சியாகாது. வெறும் ஈரம் கறை விடாமலும் அரிக்கும். மீட்டரின் ஒரு முனையை எர்த்தில் வைத்து, மறுமுனையால் சார்ஜர் கரண்ட் உள்ளே வருகிற லைனைத் தொட்டார். மீட்டர் விடாமல் கத்தியது.

“கேட்டயா? வர்ற கரண்ட் பூரா நேரா எர்த்துக்குப் போகுது. ஷார்ட். இந்த லைன்ல நாப்பது கெப்பாசிட்டர் உக்காந்திருக்கு. எது திருடன்னு பாக்கணும்.”

“நாப்பதையும் கழட்டணுங்களா?”

“கழட்டறவன் கழட்டட்டும். நம்மூர்ல குளிர் எதுக்கு இருக்கு?”

பவர் சப்ளையை ஒரு வோல்ட்டில் வைத்து அந்த லைனில் கொடுத்தார். ஷார்ட் ஆன இடம் எதுவோ அது சுடும். எவ்வளவு சுடும் என்றால், விரலுக்குத் தெரியாத அளவு. கீழே சமவெளியில் இதற்குச் சூட்டைக் காட்டும் கேமரா வைத்திருக்கிறார்கள். தனசிங் குனிந்து, ஜில்லென்று கிடந்த போர்டின்மேல் வாயால் ஆவி விட்டார். கண்ணாடியில் படிகிற மாதிரி வெள்ளையாகப் படிந்தது. சூடான இடத்தில் அது முதலில் கலைய வேண்டும். எல்லா இடத்திலும் ஒன்றாகவே கலைந்தது. கரண்டை இரண்டு ஆம்பியருக்கு ஏற்றி மறுபடி ஊதினார். இந்த முறை ஃபேனை ஒட்டிய மூலையில் கடுகளவு இடம் மட்டும் சட்டென்று கறுத்தது.

பூதக்கண்ணாடியை இழுத்து வைத்துப் பார்த்தார். நொய்யரிசி அளவு கெப்பாசிட்டர். அதன் இரண்டு முனைக்கும் நடுவே கறுப்பாக ஒரு கோடு.

“அரிச்சிருக்கு,” என்றார் மெதுவாக. “ஈரந்தாம்மா.”

இந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சுத்தம் செய்யலாம் என்று பவரை அணைத்துவிட்டு இடுக்கியைக் கொண்டுபோனார். முனை போய்த் தொடுவதற்கு முன்பே அந்தக் கறுப்பு எழும்பி வந்து இடுக்கியில் ஒட்டி, தாடி மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றது. பல நாள் ஸ்குரூ டிரைவரோடு கிடந்து காந்தம் ஏறிய இடுக்கி அது. தனசிங் மூச்சை அடக்கிக்கொண்டு அதை ஒரு வெள்ளைத்தாளில் தட்டினார். தாளுக்கு அடியில் இடுக்கியை நகர்த்தினார். தூள் பின்னாலேயே நடந்து வந்தது.

அரிப்பு இப்படி நடக்காது. இது தன் கண்ணுக்குள் புகுந்த அதே இரும்புத்தூள்; பதினோரு வருஷம் இவர் சட்டையை உதறினாலே கொட்டியது.

“ஏம்மா, இதை எங்க வெச்சு வேலை செய்யறே?”

“ஆபீஸ் ரூம்லதானுங்க இருந்துது. ஆடி மாசம் புதுத் தராசு வந்துது. அதோட ஒயர் எட்டலைன்னு மேனேஜர் மேசையைப் பின்னால போடச் சொல்லிட்டார்.”

“பின்னாலன்னா?”

“ரோலர் தீட்டற ரூம் வாசல்ல.”

“அட கிறுக்கனுங்களா!” தனசிங் மேசையைத் தட்டினதில் திருகாணிகள் உருண்டன. “தேயிலையையே காந்தத்துல ஓட்டி இரும்பை எடுத்துட்டுத்தான் மூட்டை கட்றீங்க. இந்த ஃபேன் நாள் பூரா அந்தக் காத்தை உறிஞ்சிட்டுக் கிடந்திருக்கு. இதுக்கு எவன் காந்தம் வெச்சான்?”

தூளை ஒன்றுவிடாமல் எடுத்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். மீட்டர் வாயை மூடிக்கொண்டது. பூட்டிச் சார்ஜரைச் சொருகினார். விளக்கு நின்று எரிந்தது, திரை வந்தது.

“இது எழுந்திருச்சுங்ணா,” என்றாள் இந்து. “என் வேலை?”

தனசிங் ஃபேக்டரிக்குப் போன் போட்டு, இரும்புத்தூள் விஷயத்தைச் சொன்னார். மேனேஜர் தரணிதரன் கோயம்புத்தூர்க்காரர். கோபத்திலும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார்.

“ஏனுங்க தனசிங், நீங்கதானுங்க தண்ணின்னு எழுதிக் குடுத்தீங்க? பொண்ணு வந்து அழுதுச்சுன்னு இப்ப மாத்தறீங்களா?”

“அது அழுகல சார். என்னைக் கேள்வி கேட்டுது. நான் திறக்காம எழுதினேன், அது என் தப்பு. மேசையைக் கொண்டுபோய் அங்க போட்டது உங்க தப்பு. அந்தப் பொண்ணு பேர்ல ஒண்ணுமில்ல.”

“எழுத்துல குடுங்க. முதலாளிக்குக் காட்டணும்.”

நாலு வரி எழுத தனசிங்குக்குக் கால்மணி நேரம் பிடித்தது. “தூளுக்கு எந்த ள?” என்று நடுவில் கேட்டார். இந்து சொன்னாள். முந்தைய ரசீது திறக்காமல் எழுதப்பட்டது, செல்லாது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாளில் கிடந்த தூளைச் செலோ டேப்பில் ஒற்றி, கையெழுத்துக்குக் கீழேயே ஒட்டினார். போட்டோ எடுத்து அனுப்பினார்.

கந்தன் எட்டிப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். தனசிங் முறைத்ததில் உள்ளே போய்விட்டான்.

பத்து நிமிஷம் கழித்துப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“திங்கட்கிழமை வரச் சொல்லுங்க.”

“மேசை எங்க சார் இருக்கும்?” தனசிங்கை முந்திக்கொண்டு இந்து கேட்டாள்.

தரணிதரன் தொண்டையைச் செருமினார். “ஆபீஸ்லயே போட்டுக்கலாம். ஒயர்தான் எட்டாது. வரும்போது நீளமா ஒண்ணு வாங்கிட்டு வந்துருங்க.”

“எத்தனை மீட்டர்னு அளந்து சொல்லுங்க சார்,” என்றாள் இந்து. “மார்க்கெட்டுலதான் இருக்கேன், இப்பவே வாங்கிர்றேன்.”