டார்கெட்டுக்குக் கிடைத்த கடிகாரம்

இன்சூரன்ஸ் டார்கெட்டை முடித்ததற்காக இன்று எங்கள் டவுன்ஷிப் வங்கிக் கிளையில் எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள்.

பக்கத்து கவுண்டர் ரீட்டா மேடத்துக்கு மேனேஜரிடம் எல்லார் முன்னாலும் திட்டு. லோனுக்கு லைஃப் இன்சூரன்ஸ் கட்டாயமில்லை என்ற உண்மையை அவர் வருகிறவர்களிடம் சொல்லிவிடுகிறார்.

மதியம், மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் ஒருவர் மாட்டு லோனுக்கு வந்தார்.

"இன்சூரன்ஸ் போட்டாத்தான் குடுப்பீங்களா சார்?"

மேனேஜர் என் பின்னால் நின்றிருந்தார்.

"போட்டுடுங்கண்ணே, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றேன்.

"எனக்கு இன்னா தெரியும், நீங்க சொன்னா சரிங்க. மாடு எப்ப வரும்னு வூட்ல கேட்டுக்கினே இருக்காங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டுக் கும்பிட்டார்.

மாலை பஸ்ஸில் ரீட்டா மேடம் என் மடியைப் பார்த்தார்.

"கடிகாரம் ஓடுதா சார்?"

"இன்னும் செல் போடல மேடம்."

யாருக்காவது புதுக் கடிகாரம் வேண்டுமா? குவார்ட்டர்ஸ் சுவரில் ஆணி இறங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.