தொப்பூரில் மாமாவின் இ-பாஸ்

தொப்பூரில், மாவட்ட எல்லையில், காரை மறிக்கிறார்கள். கொரோனா சோதனைச் சாவடி. கொச்சியில் சொகுசுக் கப்பலேறி, மூன்று நாள் தின்று தூங்கிவிட்டு தர்மபுரிக்குத் திரும்புகிறோம். தரைக்கு வந்தும் எனக்குத் தலை ஆடுகிறது. பின் சீட்டில் மாமா, நங்கூரம் போட்ட தொப்பியோடு குறட்டை விடுகிறார்.

இ-பாஸுக்கு அரசாங்கம் ஒப்புக்கொள்ளும் காரணங்கள் கல்யாணம், சாவு, வைத்தியம். கப்பல் அதில் இல்லை. அதனால் சாவு என்று போட்டுவிட்டதாக மாமா சொன்னார். விண்ணப்பத்தை நிரப்பியது அவர்தான். நான் படித்துப் பார்க்கவில்லை.

போலீஸ்காரம்மா பாஸை மேலும் கீழும் பார்க்கிறார்.

"எறந்தவரு பேரு மரியதாஸுங்களா?"

அது மாமாவின் பெயர். நான் பின் சீட்டைத் திரும்பிப் பார்க்கிறேன்.

"வண்டியில வர்றவங்க லிஸ்ட்லயும் ஒரு மரியதாஸ் இருக்காரே?"

மாமா கண்ணைத் திறக்கிறார். "நாந்தானுங்க. உசுரோட இருக்கற இன்னொருத்தன் பேரைச் சாவுல எழுதுனா பாவமுங்க. அதான் என் பேரையே போட்டுட்டனுங்க."

கேஸ் போடுவார்களா, பதினாலு நாள் ஏதாவது பள்ளிக்கூடத்தில் அடைப்பார்களா என்று எனக்கு வியர்க்கிறது. அந்தம்மாவின் முகக்கவசம் மட்டும் குலுங்குகிறது. சுகாதாரத்துறை ஆளைக் கைகாட்டிக் கூப்பிட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்புகிறார்.

"சாவூட்டுக்காரங்க அப்பிடி ஓரமா நில்லுங்க. செத்தவரு மொதல்ல எறங்கி வாங்க, மூக்குல குச்சி வுடணும்."