முன்கையில் ஒட்டிப் பார்த்தவர்

எங்கள் மருத்துவமனையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் கிடையாது. பிளாஸ்திரி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். மயக்க மருந்துப் பிரிவில் டெக்னீஷியன். நோயாளி மயங்கியதும் இரண்டு கண்களையும் மூடி, இமை மேல் காகிதப் பிளாஸ்திரி ஒட்டுவது அவருடைய வேலைகளில் ஒன்று. மயக்கத்தில் இமை முழுசாக மூடி நிற்காது, கண்ணீரும் சரியாகச் சுரக்காது. அப்படியே விட்டால் கண் காய்ந்துபோகும். மேலே போர்த்திய துணி உரசினால் கருவிழி கீறிவிடும். இவ்வளவு தெரிந்தும் அதை ஒரு வேலையாக யாரும் மதித்ததில்லை. வயிற்றைத் திறந்து தைக்கிறவர்கள் நடுவில் இரண்டு துண்டு பிளாஸ்திரிக்கு யார் கைதட்டப் போகிறார்கள்?

அவர் மட்டும் மதித்தார். ஒவ்வொரு துண்டையும் முதலில் தன் இடது முன்கையில் ஒட்டி உரித்துவிட்டுத்தான் நோயாளியின் இமைக்குக் கொண்டுபோவார். புதுப் பசை கெட்டியாகப் பிடிக்கும், எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும் என்பார். வயதானவர்களின் இமைத்தோல் வெங்காயச் சருகு மாதிரி. ஒட்டும்போதே ஒரு முனையை மடித்து விடுவார், பிறகு பிடித்து எடுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று. அந்த முன்கையில் ஒரு முடி இருக்காது. அழகு நிலையத்துக்குப் போகிற செலவு மிச்சம் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். சிரித்துக்கொள்வார்.

நான் மயக்கம் தெளியும் அறையில் நர்ஸ். அவர் மூடி அனுப்பிய கண்கள் என் முன்னால்தான் திறக்கும். அதனால் சொல்கிறேன், இருபது வருஷத்தில் அப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை. அந்தக் கைதான் ஒரு பெண்ணின் கண்ணைக் கெடுத்தது. நான் அதைப் பூசி மெழுகினேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாரம். அவ்வளவு பார்த்துச் செய்தும் ஒரு பெரியவருக்கு இமைத்தோல் கிழிந்துவிட்டது. பெரியவரின் மகள் வராந்தாவில் நின்று இவரைக் கிழி கிழியென்று கிழித்தார். இரண்டு நாள் மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு துண்டையும் முன்கையில் மூன்று தடவை ஒட்டி உரிக்க ஆரம்பித்தார். பயம் வந்துவிட்டது, அவ்வளவுதான். அந்த வாரக் கடைசியில் வந்தவர்தான் தையல் கடை வைத்திருந்த தையற்காரம்மா. வயிற்றில் கட்டி, நான்கு மணி நேர ஆபரேஷன். மூன்று தடவை உரித்த பிளாஸ்திரி எத்தனை நேரம் பிடிக்கும்? வலது கண்ணில் பாதியில் விட்டுவிட்டது. நடுநடுவே துணியைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்பது முறை. ஆனால் சர்ஜன் எரிந்து விழுகிற ஆள். இவர் பார்க்கவில்லை. முடிந்து துணியை எடுத்தபோது இமை அரைக்கண்ணாகத் திறந்து கிடந்தது.

மயக்கம் தெளிந்ததும் தையற்காரம்மா, கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்று கையைக் கொண்டுபோனார். பக்கத்தில் நின்ற தலைமை மருத்துவர் அதையே சாக்காகப் பிடித்துக்கொண்டார். நோயாளி தானே கண்ணைக் கசக்கிக்கொண்டார் என்று எழுதச் சொன்னார். நான் எழுதினேன். பிளாஸ்திரி என் எதிரில்தான் நின்றார். அவருக்குப் படிக்கிற பிள்ளைகள் இரண்டு, எனக்கு ஒன்று. வாயைத் திறந்தால் வேலை போய்விடும். இரண்டு பேரும் மென்று விழுங்கினோம்.

புண் சீழ் பிடித்து, ஆறியபோது கருவிழியில் தழும்பு நின்றுவிட்டது. வலது கண்ணுக்கு எல்லாமே புகை மூட்டம். தையற்காரம்மா கடையை விடவில்லை, ஆனால் தையல் கோணிப்போனது, வாடிக்கை கழன்றது. பிளாஸ்திரி மட்டும் போய்க்கொண்டிருந்தார். ஒரு சட்டையைச் சின்னதாக்கச் சொல்வார், அடுத்த மாதம் அதையே பெரிதாக்கச் சொல்வார். கோணல் தோள்பட்டையோடு வேலைக்கு வருவார். சொல்லிவிட்டீர்களா என்று கேட்பேன். அடுத்த தடவை என்பார். அந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வரும். எனக்கு மட்டும் வாய் இல்லையா என்பதை வசதியாக மறந்துவிடுவேன்.

போன மாதம் தையற்காரம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்கு முன்னால் காத்திருக்கும் அறையில் என் கையில் இரண்டு துணிப்பட்டைகளைக் கொடுத்தார். உள்ளே பஞ்சு வைத்து, ஓரம் மடித்து அவரே தைத்தவை. தையல் கோணல்மாணலாக ஓடியது.

"மயக்கம் தெளியறப்போ இதால இவ கையைக் கட்டி வச்சிடுங்க சிஸ்டர். என்னை மாதிரி இவளும் கண்ணைக் கசக்கிக்கக் கூடாது."

பக்கத்தில் நோயாளியின் தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பிளாஸ்திரி நிமிர்ந்தார்.

"கட்ட வேண்டாம்மா," என்றார். "நீங்க கசக்கல. நான் ஒட்டினது பிரிஞ்சுபோச்சு. பாதி ஆபரேஷன் உங்க கண்ணு திறந்தே கிடந்துச்சு. நான் பாக்கல."

தையற்காரம்மா அவரைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பி, நல்ல கண்ணால் என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கும் தெரியுமா சிஸ்டர்?"

தலையாட்டினேன்.

"எட்டு வருஷமா எம் புருஷன் என் கையைத்தான் திட்டினாரு. நானும் அதைத்தான் திட்டினேன்." மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார். "இவ கண்ணை நீங்க தொட வேண்டாம்."

பிளாஸ்திரி தன் சுருளை இன்னொரு டெக்னீஷியனிடம் கொடுத்தார். முன்கையில் ஒரு தடவை ஒட்டி உரிச்சுக்கோ, முனையை மடிச்சு விடு, எடுக்கும்போது தோலை விரலால் அழுத்திக்கிட்டு மெதுவா எடு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவன் சரி சரி என்றான். அப்படிச் சொல்கிறவர்கள் கேட்டுக்கொண்டதை நான் கண்டதில்லை. கதவு சாத்திய பிறகு பிளாஸ்திரி வெளியே சுவரோரம் நின்றார், நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. இரண்டு மணி நேரம். அந்தக் கட்டடத்தில் அந்தப் பெண்ணின் கண்ணுக்கு அவரை விட நல்ல காவல் கிடையாது. அதைச் சொல்கிற யோக்கியதை எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை.

பெண் என் அறைக்கு வந்தாள். கண்கள் தெளிவாக இருந்தன. ஆனால் இடது இமையின் ஓரத்தில் நகத்தளவு தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அவன் ஒரே இழுப்பில் பிய்த்திருக்கிறான். மருந்து தடவினேன். நாலு நாளில் ஆறிவிடும் காயம்தான். தாயை உள்ளே அழைத்தேன். தையற்காரம்மா குனிந்து மகளின் இமையை வெகுநேரம் பார்த்தார். கட்டாத கைகள் இரண்டும் போர்வை மேல் அசையாமல் கிடந்தன.

"இப்போ என்ன எழுதுவீங்க சிஸ்டர்?"

சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டார். நான் பேனாவை எடுத்து, பிளாஸ்திரியை வேகமாக எடுத்ததில் இமைத்தோல் கிழிந்தது என்று எழுதினேன். யாரைக் கேட்டு எழுதினாய் என்று தலைமை மருத்துவர் கேட்பார், கேட்கட்டும். எட்டு வருஷம் கழித்து வந்த வீரம், அதுவும் நகத்தளவு காயத்துக்கு. தாளை அந்தத் தாயிடம் நீட்டினேன். தையற்காரம்மா அதை முகத்துக்கு நேராகப் பிடித்தார், எழுத்து சரியாகத் தெரியவில்லை. நல்ல கண் இருக்கும் இடது பக்கம் நகர்த்திப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.