மூட்டை விலைக்கு வாங்கிய வற்றல்

என் சின்ன வயதில் ஒருநாள் மிளகாய் வற்றல் மூட்டை வந்திறங்கியபோது வீட்டிலிருந்தவர்கள் அப்பா, அம்மா, பக்கத்து வீட்டு சாந்தா சேச்சி, நான். இன்று என் மகள், டெலிவரி காசு முப்பது ரூபாயை மிச்சம் பிடிக்கிறேன் என்று இரண்டு கிலோ வற்றல் வாங்கியிருக்கிறாள். பையைப் பிரித்ததும் அதே நெடி மூக்கில் ஏறியது.

பாதியை சேச்சி எடுத்துக்கொள்வாள் என்று நம்பித்தான் அப்பா, அந்த மாத மளிகைக் காசு முழுவதையும் ஆரியசாலை மொத்தக்கடையில் கொடுத்திருந்தார்.

"எனிக்கு கால் கிலோ போதும் அண்ணாச்சி. பைசா பின்னே தராம், கேட்டோ" என்று காசுக்குத் தவணை சொன்னாள் சேச்சி.

மறுநாள் பிடித்த மழை விடவேயில்லை. மூட்டையில் பூசணம் பூத்தது. அம்மா அடுப்புக்கு மேல் முறத்தில் பரப்பி உலர்த்த, தெருவே இருமியது.

"ஒங்க லாபம் தொண்டையில நிக்கு, பாத்தியளா?" என்றாள் அப்பாவிடம்.

இப்போது மகள் இருமுகிறாள். வெளியே மழை இருட்டுகிறது. அந்தக் கால் கிலோவுக்கு சேச்சி தரவேண்டிய ஐந்து ரூபாய் இன்னும் வரவில்லை.