பூநாரை பார்க்கப் போன மார்கழி

அத்தானுக்குப் பறவைப் பைத்தியம் இருப்பது அக்காவுக்குத் தாலி கட்டிய பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. கொழும்பில் ஒரு கந்தோரில் எழுத்து வேலை. கலியாண லீவில் சுன்னாகத்தில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தவர், வாடைக்காற்றும் தூறலுமான ஒரு மார்கழி விடியலில், அராலிக் கடலுக்குப் பூநாரை வந்திருக்கும், எல்லோருமாகப் போய்ப் பார்ப்போம் என்றார்.

புது மாப்பிள்ளையிடம் மாட்டோம் என்று சொல்ல ஆளில்லை. வெங்காயத் தோட்டத்துக்குள் வெள்ளம் நிற்கிறதே என்ற கவலையோடு, அம்மாவின் தம்பியான மாமாவும் குடையை எடுத்தார். தம்பியும் நானும் துள்ளிக்கொண்டு கிளம்பினோம். அக்காவை அம்மாதான் தள்ளாத குறையாக அனுப்பினார்.

அக்கா அதுவரை அத்தானோடு ஒரு சொல் கதைத்ததில்லை. ஏதும் கேட்டால் தலையாட்டுவாள். இல்லாவிட்டால் என்னிடம் சொல்லி அனுப்புவாள். பொங்கல் முடிய அவரோடு கொழும்புக்கு ரயிலேற வேண்டியவள், நான் போகமாட்டேன் என்று அடுப்படியில் அழுதுகொண்டிருந்தாள்.

பஸ்ஸால் இறங்கி ஈர வரம்பில் வரிசையாக நடந்தோம். பனிப்புகாரில் கடலும் வானமும் ஒன்றாய்க் கிடந்தன. அத்தானின் சப்பாத்து ஒன்று சேற்றில் புதைந்தது. மாமா அதை இழுத்தெடுக்கும்வரை ஒற்றைக் காலில் நின்றபடியே அவர் பைனாக்குலரால் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, தூரத்தில் இருபது பூநாரை நிற்கின்றன என்றார். மாமா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, ஓம், ஒன்று அசைகிறது என்று மரியாதைக்கு ஒத்துக்கொண்டார்.

அப்போதுதான் பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

“இஞ்சாருங்கோ, அது நாரையில்லை. மீன் பிடிக்கிற ஆக்கள் ஊண்டின தடி.”

மாமா திடுக்கிட்டுக் குடையைச் சரித்தார். அத்தான் நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

“ஓம், தடிதான்” என்றார். “அப்ப போன வருசம் நான் எண்ணி எழுதினதும் தடிதானோ தெரியேல்லை.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “நீரும் பாருமன்” என்று அவர் பைனாக்குலரை நீட்டினார். அவள் வாங்கினாள். பிறகு இருவரும் அதை மாறி மாறிக் கண்ணில் வைத்துக்கொண்டு நின்ற நேரத்தில் மழை பிடித்துவிட்டது. நான் அடம்பிடித்து வாங்கிப் பார்த்தேன். வெள்ளைப் புகாரைத் தவிர ஒன்றுமில்லை.

தெப்பமாக நனைந்து வீடு திரும்பினோம். அம்மா என்னை மட்டும் அடுப்படிக்குள் கூப்பிட்டுத் தலையைத் துவட்டினார். நான் கோபத்தோடு முறையிட்டேன்: ஒரு பறவைகூட இல்லை, போதாக்குறைக்கு அக்கா எல்லோருக்கும் முன்னால் அத்தானில் பிழை பிடித்துவிட்டாள்.

அம்மாவின் கை நின்றது.

“என்னெண்டு கூப்பிட்டவள்?”

“இஞ்சாருங்கோ எண்டு. மாமி மாமாவைக் கூப்பிடுற மாதிரி.”

அம்மா அதை இன்னொருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன். சீனி தட்டுப்பாடான அந்த நாளில் எல்லோருடைய கோப்பிக்கும் இரண்டு கரண்டி போட்டார். ஒரு நாரையைக்கூடக் காணாமல் வந்தவர்களுக்கு ஏன் இவ்வளவு உபசாரம் என்று எனக்கு விளங்கவில்லை.