பேரில்லாக்குட்டை அன்னம்மாள்

குத்தம்பாக்கத்துக்கு மேற்கே எங்கள் ஊர், பேரில்லாக்குட்டை. ஞானஸ்நானம் வாங்காமல் செத்த பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. பேர் வைக்காத அந்தப் பிஞ்சுகளைக் குட்டைக் கரையில் புதைப்பார்கள். அதுவே ஊருக்குப் பேராகிவிட்டது. குட்டைக்குப் பக்கத்திலேயே சகாயமாதா கோயில். அதைப் பெருக்கி மணியடிக்கிறவள் அன்னம்மாள்.

அவளுடைய ஒரே பிள்ளையும் அந்தக் கரையில்தான் கிடக்கிறது. பிறந்ததும் மூச்சுத் திணறியது. சாமியாரைக் கூட்டிவரப் பூந்தமல்லிக்கு ஆள் ஓடினது. அவர் வருவதற்குள் பிள்ளை போய்விட்டது. ஆபத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றிப் பேர் வைக்கலாமே அம்மா என்று அவர் சொன்னாராம். கையெட்டும் தூரத்தில் சொம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. அதற்கப்புறம் ஊரில் எந்தப் பிரசவம் சிக்கல் என்றாலும் அன்னம்மாள் போய் நிற்பாள்.

என் மகள் விஜிக்குக் குறைமாசத்தில் பெண் பிறந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மத்தியானம் டாக்டரம்மா வந்து, பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். விஜி எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். மருமகன் கிஷோர் லாரியோடு ஆந்திராவில் இருந்தான். நான் அன்னம்மாளுக்குத்தான் போன் பண்ணினேன்.

வேர்க்க விறுவிறுக்க வந்தாள். நர்ஸ் முதலில் உள்ளே விடவில்லை. அன்னம்மாள் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் பஞ்சை நனைத்து நர்ஸே கையில் கொடுத்தாள்.

"பேரு இன்னாண்ணா?"

பிறக்கும் முன்னே பேர் பேசக்கூடாது என்பது எங்கள் வழக்கம். யாரும் யோசித்து வைக்கவில்லை.

"இன்னாத்துக்கு முழிச்சிகினு நிக்கிற? மூச்சு போவுதுண்ணா."

நான் அழுதேன். அவள் பஞ்சைப் பிழிந்தாள். சின்ன நெற்றியில் தண்ணீர் வழிந்தது.

"லில்லி புஷ்பம், பிதா சுதன் பரிசுத்த ஆவி பேரால உனக்கு ஞானஸ்நானம் குடுக்கறேன்."

பிள்ளை உடனே தேறவில்லை. போன் அடித்தாலே எனக்குக் குட்டைக் கரைதான் கண்ணில் நிற்கும்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். அழுதால் தெருக்கோடிக்குக் கேட்கிறது. எனக்கு அதைவிட நல்ல பாட்டு இல்லை.

அன்னம்மாள் பார்க்க வந்தபோது கிஷோர் முனகினான். பேரு எங்க ஆயா காலத்துதாட்டம் கீதே என்றான்.

"அவசரத்துக்கு வச்சதுப்பா, மாத்திக்கோ" என்றாள் அவள். "எம் பொண்ணுக்குன்னு மனசுல வச்சிகினு இருந்தேன். கூப்டவே இல்ல."

கிஷோர் எழுந்து பிள்ளையை அவள் மடியில் வைத்தான்.

"இப்போ கூப்டு அத்தே."

அவள் கூப்பிட்டாள். என் பேத்தி கொட்டாவி விட்டாள்.